மதகுக்குக் கீழே மட்டும் பார்த்தால் போதுமா?



காலையில் எழுந்ததும் பவானிசாகரில் எத்தனை அடி தண்ணீர் என்று கேட்காத விவசாயி நம்ம ஆயக்கட்டில் இல்லை. டீக்கடையில் கேட்கிறோம், பால் சொசைட்டியில் கேட்கிறோம், செல்போனில் பார்க்கிறோம். தொண்ணூறு அடியைத் தாண்டினால் மஞ்சள் விதைக்கு முன்பணம் கொடுக்கிறோம். அறுபதுக்குக் கீழே இறங்கினால் மாட்டை விற்கலாமா என்று யோசிக்கிறோம். நம் வீட்டுக் கல்யாணம், காதுகுத்து, நகை அடகு எல்லாம் அந்த அடிக்கணக்கில்தான் நிற்கிறது.

அந்தத் தண்ணீருக்காக நாம் போடாத சண்டை இல்லை. ஆகஸ்ட் 15-ல் திறந்தே ஆக வேண்டும் என்று போராடினோம். ஒற்றைப்படை மதகா, இரட்டைப்படை மதகா என்று வாதாடினோம். கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்று மறியல் செய்தோம். வாய்க்காலுக்குக் கான்கிரீட் வேண்டும் என்று ஒரு பக்கமும், வேண்டவே வேண்டாம் என்று ஒரு பக்கமும் நின்று, மாமன் மச்சான்கூட முகம் பார்க்காத நிலை சில ஊர்களில் வந்தது. இவை எல்லாம் மதகுக்குக் கீழே நடக்கிற சண்டைகள். தேவையான சண்டைகள்தான். ஆனால் மதகுக்கு மேலே, தண்ணீர் தருகிற மலையிலே என்ன நடக்கிறது என்பதையும் சேர்த்துப் பேசினால்தான் இந்தச் சண்டைகளுக்கு அர்த்தம் இருக்கும். வராத தண்ணீரை எப்படிப் பங்கு போட்டு என்ன பயன்?

நாம் சொல்ல வருவது இதுதான். மலைக்காட்டில் மண்டிக் கிடக்கிற அன்னியச் செடியையும் மரத்தையும் குறைக்க வேண்டும். காய்ந்த சருகையும் புல்லையும் பனிக்காலத்திலேயே, ஆள் நின்று, அளவாக எரித்துவிட வேண்டும். அதைச் செய்யாவிட்டால் சித்திரை வெயிலில் காடு யாரையும் கேட்காமல் எரியும். எரிந்த மலையின் மண் நம் அணைக்கு வந்து சேரும்.

"என்னங்க இது, விவசாய சங்கமே காட்டை எரிக்கச் சொல்லுதா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முழுவதையும் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

அணை எங்கிருந்து நிறைகிறது?

1948-ல் வேலை தொடங்கி 1955-ல் முடிந்த அணை இது. 32.8 டி.எம்.சி. கொள்ளளவு. 120 அடி உயரத்தில் 15 அடியைச் சேறு சகதிக்கென்று ஒதுக்கிவிட்டுத்தான் 105 அடி என்று கணக்கு வைத்தார்கள். அதாவது, மலையிலிருந்து மண் வரும் என்பது கட்டியவர்களுக்கு அன்றைக்கே தெரியும். எவ்வளவு வேகமாக வரும் என்பதை முடிவு செய்வது மேலே இருக்கிற காடு.

அணைக்கு இரண்டு கைகள். ஒன்று பவானி ஆறு. நீலகிரியின் மேற்குக் கோடியில் தொடங்கி, கேரளத்து அட்டப்பாடி வழியாகச் சுற்றி, பில்லூர், மேட்டுப்பாளையம் கடந்து வருகிறது. இன்னொன்று மாயாறு. முதுமலைக் காட்டை ஒட்டிப் பள்ளத்தாக்கில் இறங்கி, தெங்குமரஹாடா வழியாக வருகிறது. இந்த இரண்டு கைகளும் தருவதை நம்பித்தான் கீழ்பவானி வாய்க்காலில் 2,07,000 ஏக்கர் இருக்கிறது. அதற்குக் கீழே கொடிவேரியும் காலிங்கராயனும் இருக்கின்றன. கோவைக்கும் திருப்பூருக்கும் குடிநீர் போவதும் இதே பவானியிலிருந்துதான்.

இவ்வளவு பேரின் சோறும் தண்ணீரும் தொங்குகிற மலைக்கு நாம் யாராவது ஒரு நாள் களைவெட்டுக் கூலி கொடுத்திருக்கிறோமா? அரசாங்கம்தான் கொடுத்ததா? அணைக்குக் காவல் இருக்கிறது. அணையை நிரப்புகிற காட்டுக்கு என்ன இருக்கிறது?

மேல்மலை: புல்வெளியைக் குடித்த மரங்கள்

நீலகிரியின் மேல்மட்டத்தில் பழைய காடு எப்படி இருந்தது? மேடெல்லாம் புல்வெளி, மடிப்பெல்லாம் சோலைக்காடு. மழை விழுந்தால் புல் பிடித்துக்கொள்ளும். சோலை வைத்திருந்து கோடையிலும் கசிய விடும். நம் அணைக்குத் தை, மாசியிலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்த தண்ணீர் அந்தக் கசிவுதான்.

வெள்ளைக்காரன் காலத்தில் விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் என்று கற்பூர மரத்தையும் சீகை மரத்தையும் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்தார்கள். சுதந்திரத்துக்குப் பிறகும் நிறுத்தவில்லை. புல்வெளியைத் 'தரிசு' என்று எழுதிவைத்து, ஆலைகளுக்கு மரக்கூழ் வேண்டும் என்று ஏக்கர் ஏக்கராக நட்டார்கள். நட்ட மரம் நட்ட இடத்தோடு நிற்கவில்லை. சீகை தானாகவே விதை போட்டுப் புல்வெளிக்குள் புகுந்துவிட்டது.

அதனால் தண்ணீர் குறைந்ததா என்பது வெறும் திண்ணைப் பேச்சல்ல. உதகையில் உள்ள மத்திய மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி நிலையம் கிளன்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்து, பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. ஒன்றைப் புல்வெளியும் சோலையுமாக அப்படியே விட்டார்கள். மற்றதில் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து ஆண்டு வளர்ப்பில் ஓடை நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிவிட்டு மறுதாம்பு விட்டபோது குறைவு 25 சதவீதத்தைத் தாண்டியது. கிளன்மார்கன் தண்ணீர் சிங்காரா மின்நிலையம் வழியாக மாயாற்றுக்குத்தான் வருகிறது. அளந்து பார்த்தது நம் அணைக்கு வருகிற தண்ணீரைத்தான்.

நூறு குடம் வர வேண்டிய இடத்தில் எழுபத்தைந்து குடம் வந்தால், மிச்சத்தை எந்த அதிகாரியிடம் போய்க் கேட்பது?

கீழ்மலை: உண்ணிச்செடி போட்ட பந்தல்

மாயாற்றின் இரு கரையிலும், முதுமலையிலிருந்து சத்தியமங்கலம் வரையிலும் இருப்பது வேறு காடு. இலை உதிர்க்கிற காடு, முள்காடு. இங்கே எதிரி உண்ணிச்செடி. பூச்செடி என்று இந்த நாட்டுக்குள் வந்தது, இன்றைக்கு ஆள் நுழைய முடியாத பந்தலாக நிற்கிறது. முதுமலைப் பக்கம் மஞ்சள் கொன்றை வேறு சேர்ந்துகொண்டது. இது நம்ம ஊர்ச் சரக்கொன்றை அல்ல, வெளியிலிருந்து வந்த வேறு மரம்.

உண்ணி மண்டினால் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானுக்கும் காட்டெருமைக்கும் யானைக்கும் மேய்ச்சல் குறையும். காட்டோரத்து விவசாயி ராத்திரி பூராவும் பரண் மேல் உட்கார்ந்து யானையை விரட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம். அகழி வெட்டச் சொல்கிறோம், சோலார் வேலி கேட்கிறோம். காட்டுக்குள்ளேயே தீவனம் இருந்தால் அந்த வேலையில் பாதி குறையாதா?

இன்னொரு ஆபத்து இருக்கிறது. புல் எரிந்தால் தீ முழங்கால் உயரத்தில் ஓடிப் போய்விடும். உண்ணி அப்படி அல்ல. தரையிலிருந்து மரக்கிளை வரைக்கும் ஏணி மாதிரி படர்ந்து காய்ந்து நிற்கிறது. கீழே பிடித்த தீ அந்த ஏணியில் ஏறி உச்சிக்குப் போகிறது. 2019 பிப்ரவரியில் பந்திப்பூர்க் காட்டில் சுமார் 10,000 ஏக்கர் எரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் நடுவில் ஓடுவது நம்ம மாயாறுதான். அதற்கு முந்தைய ஆண்டு, 2018 மார்ச் 11-ல், தேனி மாவட்டம் குரங்கணி மலையில் புல்வெளித் தீயில் சிக்கி 23 பேர் செத்துப்போனார்கள். கோடைத் தீ என்றால் என்ன என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

சோளகர் வைத்த சின்னத் தீ

திம்பம் மலைக்கு அப்பால், கர்நாடகத்துப் பிளிகிரிரங்கன் மலையில் சோளகர் இன மக்கள் வாழ்கிறார்கள். அவர்கள் சொந்தக்காரர்கள் நம் சத்தி மலையிலும் இருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்து, கோடை முற்றுவதற்கு முன்பே, தரையில் கிடக்கிற சருகை அங்கங்கே எரித்து விடுவது அவர்கள் பழக்கம். 'தரகு பெங்கி' என்று அதற்குப் பெயர். சருகுத் தீ என்று அர்த்தம். சருகு தீர்ந்தால் கோடையில் பெருந்தீ பிடிக்க இரை இருக்காது. புதுப்புல் துளிர்க்கும். நெல்லி மரத்தைக் கொல்கிற புல்லுருவியும் கட்டுக்குள் இருக்கும் என்பது அவர்கள் அனுபவம்.

1974-ல் அந்த மலை சரணாலயம் ஆனது. தீ வைப்பது குற்றமானது. அதன் பிறகு என்ன ஆனது? அங்கே ஆராய்ச்சியாளர்கள் ஒரே இடங்களைத் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்த்தார்கள். 1997-ல் நூற்றுக்கு 41 இடங்களில் இருந்த உண்ணி, 2008-ல் 81 இடங்களில் இருந்தது. தீயை நிறுத்தியது ஒன்றுதான் காரணம் என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் சோளகர் முதியவர்கள் முதலிலிருந்தே அதைத்தான் சொல்லி வருகிறார்கள். அவர்கள் சொன்னதைக் கேட்க ஆள் இல்லை.

காட்டில் தீயே இல்லாமல் வைத்துக்கொள்ள இதுவரை எந்தச் சட்டத்தாலும் முடியவில்லை. நமக்கு இருக்கிற தேர்வு, மார்கழி தையில் நாம் வைக்கிற சின்னத் தீயா, பங்குனி சித்திரையில் அதுவாகப் பிடிக்கிற பெருந்தீயா என்பதுதான்.

பெருந்தீ அணைக்கு என்ன செய்யும்?

கடும் தீயில் வெந்த மண் தண்ணீரை உள்ளே வாங்காது. வெந்த சட்டியில் ஊற்றின மாதிரி மேலோடு ஓடிவிடும். பிடித்து நிறுத்தப் புல்லும் இல்லை, வேரும் இல்லை. முதல் கோடை மழையில் சாம்பலும் மேல்மண்ணும் கரித்துண்டும் ஒன்றாகத் திரண்டு ஓடைக்கு இறங்கும். ஓடை ஆற்றில் தள்ளும், ஆறு அணையில் தள்ளும். அணையில் ஒரு கன அடி மண் உட்கார்ந்தால் ஒரு கன அடி தண்ணீருக்கு இடம் போயிற்று. அந்த இடம் நம் பேரன் காலத்திலும் திரும்பாது.

இதைப் பட்டு அனுபவித்த ஊர் ஒன்று இருக்கிறது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து டென்வர் நகரம். நம்ம ஊர் கதைக்கு அமெரிக்கா எதற்கு என்று நினைக்க வேண்டாம். மலையும் அணையும் மண்ணும் எங்கேயும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்ளும். அந்த நகரத்துக்குக் குடிநீர் தருகிற மலையில் 1996 மே மாதம் பஃபலோ கிரீக் என்ற இடத்தில் ஏறக்குறைய 12,000 ஏக்கர் எரிந்தது. இரண்டே மாதத்தில் பெய்த பெருமழை எரிந்த மலையைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்ட்ரான்ஷியா ஸ்பிரிங்ஸ் அணைக்குள் கொட்டியது. 2002-ல் ஹேமன் என்ற இடத்தில் மறுபடியும் தீ. இந்தத் தடவை 1,38,000 ஏக்கர். மண் வாரவும் தண்ணீரைச் சுத்தம் செய்யவும் மற்ற சீரமைப்புக்கும் அந்த நகரத்துக் குடிநீர் வாரியம் 2.7 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது.

பட்டபிறகு புத்தி வந்தது. 2010-ல் குடிநீர் வாரியமும் வனத்துறையும் பாதிப் பாதி போட்டு 3.3 கோடி டாலர் ஒதுக்கி, நீர்ப்பிடிப்புக் காட்டில் நெருக்கமான மரங்களைக் கலைத்துவிடவும், குளிர்ந்த நேரத்தில் அளவாக எரிக்கவும் ஒப்பந்தம் போட்டன. அரிசோனா மாநிலத்தில் பிளாக்ஸ்டாஃப் என்ற சிறு நகரம். 2010-ல் மலை எரிந்து வெள்ளம் வந்ததைப் பார்த்த அந்த ஊர் மக்கள், 2012-ல் தங்கள் அணைக்கும் ஊருக்கும் மேலே உள்ள காட்டைச் சீர்செய்ய 1 கோடி டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் சம்மதம் கொடுத்தார்கள். கடனைத் திருப்பப் போவது தங்கள் வரிப்பணம்தான் என்று தெரிந்தே கொடுத்தார்கள்.

பயிருக்குச் செய்வதைத்தான் காட்டுக்கும் கேட்கிறோம்

எள்ளும் பருத்தியும் நெருக்கமாக முளைத்தால் பயிர் கலைத்து விடுகிறோம். மஞ்சக்காட்டில் களை மண்டினால் விட்டு வைப்பதில்லை. கரும்பு வெட்டின காட்டில் தோகை கொளுத்துகிறவர்கள் நம்மிலே உண்டு. தோகையை எரிக்காதே, மட்கவிடு என்று இப்போது சொல்கிறார்கள், அது வேறு கதை. கொளுத்துகிறவன் எப்படிக் கொளுத்துவான்? உச்சி வெயிலில், காற்றடிக்கிற பக்கம் நின்றா பற்ற வைப்பான்? சாயங்காலம் பார்த்து, சுற்றிலும் நாலடி தோகையை ஒதுக்கி, காற்றுக்கு எதிர்முகமாக ஓட்டுவான். பக்கத்துக் காட்டுக்காரனுக்குச் சொல்லிவிட்டு, தண்ணீர்க் குடத்தோடு நாலு ஆளை நிறுத்துவான். மலைக்காட்டிலும் வேலை அதேதான். ஆனால் வரிசை தப்பக் கூடாது.

முதலில் உண்ணியை எடுக்க வேண்டும். மேலே சீவிவிட்டால் மறுபடி நாலாகத் துளிர்க்கும். நின்ற செடியைக் கொளுத்தினாலும் தூரிலிருந்து கிளம்பும். மண்ணுக்குள்ளே வேர்க்கழுத்துக்குக் கீழ் வெட்டி, தூரைத் தலைகீழாகப் புரட்டிப் போட வேண்டும். பிறகு இரண்டு மூன்று வருடம் முளைக்கிற கன்றைப் பிடுங்க வேண்டும். பறவைகள் விதையைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருக்கும்.

அடுத்து, வெற்றிடமான மண்ணில் அந்தக் காட்டுப் புல்விதையைத் தூவ வேண்டும். மண்ணைக் காலியாக விட்டால் அடுத்த மழையில் அதுவும் அணைக்கு வந்துவிடும்.

அதற்குப் பிறகுதான் தீ. புல் வந்த இடத்தில், பனி ஈரம் போகாத மாதத்தில், கட்டம் கட்டமாக எரிக்க வேண்டும். இந்த வருடம் எரித்த கட்டத்தை அடுத்த வருடம் விட்டுவிட வேண்டும். ஓடைக்கரையை எரிக்கவே கூடாது. கரைப் புதர்தான் மண்ணை வடிகட்டுகிற சல்லடை. ஊர்கிற உயிருக்கும் குஞ்சு வைத்திருக்கிற பறவைக்கும் ஒதுங்க இடம் வேண்டும். வனத்துறை ஒவ்வொரு வருடமும் தீத்தடுப்புக் கோடுகளை வெட்டி, முன்கூட்டியே எரித்துத்தான் வருகிறது. கோடாக எரிக்கத் தெரிந்தவர்களால் கட்டமாக எரிக்க முடியாதா?

மேல்மலையில் இது செல்லாது. சோலைக்காட்டுக்குள் தீ போகவே கூடாது, சோலை தீயைத் தாங்காது. சீகை நின்ற இடத்திலும் தீ வேண்டாம். சூடு பட்டால் மண்ணில் கிடக்கிற சீகை விதை மொத்தமும் ஒன்றாக முளைத்துவிடும். அங்கே வெட்டுவதும் பிடுங்குவதும்தான் வழி. அதுவும் சரிவில் ஒரே மூச்சாக மொட்டை அடிக்காமல், பட்டை பட்டையாக, பல வருடங்களில், புல்லை மீட்டுக்கொண்டே போக வேண்டும்.

கேட்கிற கேள்விகளும் நம் பதிலும்

"கலைக்கிறேன் என்று சொல்லிக் கான்ட்ராக்டர் தேக்கையும் ஈட்டியையும் சேர்த்துக் கொண்டுபோய் விடுவானே?" போவான், விட்டால். அதனால்தான் காண்ட்ராக்ட் முறை வேண்டாம் என்கிறோம். எந்தச் செடி, எந்த மரம் என்று பெயர் எழுதி, மலைக் கிராம சபை முன்னால் வாசித்து, அந்தக் கிராம சபையே ஆள் போட்டு வேலை செய்ய வேண்டும். சுதேசி மரத்தில் ஒரு கிளை போனாலும் கேட்க ஆள் இருக்க வேண்டும்.

"வைத்த தீ கை மீறிப் போனால்?" இந்தக் கேள்வியை மறைக்க நாம் தயாரில்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் அதுதான் நடந்தது. ஒரு சிறு நகரத்தின் குடிநீர் ஆற்றுக் காட்டைக் காப்பாற்ற என்று வனத்துறை வைத்த தீ, காற்றில் கட்டை மீறியது. குளிர்காலத்தில் எரித்த விறகுக் குவியல் ஒன்று பனிக்கடியில் கனன்றிருந்து மூட்டிய இன்னொரு தீயும் அதோடு சேர்ந்தது. 3,41,000 ஏக்கர் போயிற்று. ஏழை விவசாயிகளின் வீடும் மேய்ச்சலும் வேலியும் சாம்பலாயின. மழை வந்தபோது அந்த நகரத்து ஆறே சாம்பலாக ஓடியது. காப்பாற்ற வைத்த தீயே அந்தத் தண்ணீரைக் கெடுத்தது.

அதிலிருந்து என்ன பாடம்? காலம் தப்பி, காய்ந்த ஏப்ரலில், காற்றை மதிக்காமல் வைத்தால் எப்பேர்ப்பட்ட துறையாக இருந்தாலும் தோற்கும். வைத்த தீ அணைந்ததா என்று கையை வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். அதைவிட முக்கியம், நஷ்டஈடு. அங்கே அரசே வைத்த தீ என்பதால் தனிச் சட்டம் போட்டு முதலில் 250 கோடி டாலரும் பிறகு மேலும் பணமும் ஒதுக்கினார்கள். இங்கே யானை மிதித்த வாழைக்கே நஷ்டஈடு வாங்க எத்தனை நடை என்பது நமக்குத் தெரியும். ஆகவே தீக்குச்சி உரசுவதற்கு முன்பே நஷ்டஈட்டு விதி எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காட்டோரத்து விவசாயி சம்மதிக்க மாட்டான். நாமும் சம்மதிக்கச் சொல்ல மாட்டோம்.

"சட்டம் இடம் கொடுக்குமா?" 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்தில் தீ வைப்பதைத் தடுக்கிறது, உண்மை. எனவே தனியாள் எவரும் தீக்குச்சியைத் தொடக்கூடாது. இது நம் சங்கத்தின் கண்டிப்பான வேண்டுகோள். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 5-வது பிரிவு, நீர்ப்பிடிப்புகளையும் நீராதாரங்களையும் பாதுகாக்கிற அதிகாரத்தைக் கிராம சபைக்குக் கொடுக்கிறது. 2022-ல் தமிழக அரசே அன்னியத் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்பதற்கு ஒரு கொள்கை வெளியிட்டது. வனத்துறையின் திட்டத்துக்குள், கிராம சபையோடு சேர்ந்து இதைச் செய்ய வழி இருக்கிறது. அதிகாரிகளுக்கு மனம்தான் வேண்டும்.

பணம் யார் கொடுப்பது?

காடு அழித்ததற்கு ஈடாக வசூலித்த பணம் 'காம்ப்பா' நிதியில் இருக்கிறது. புதிது புதிதாக மரம் நடவே அதைச் செலவழிக்க வேண்டும் என்று என்ன வேண்டுதல்? புல்வெளியை மீட்பதும் காடு மீட்பதுதான். பவானித் தண்ணீரைக் குடித்து வளர்ந்த மாநகராட்சிகளும் ஆலைகளும் தங்கள் தண்ணீர்க் கட்டணத்தில் ஒரு பங்கைத் தரட்டும்.

நாம்? நாமும் தருவோம். ஏக்கருக்கு வருடம் 10 ரூபாய் என்று வைத்தால் கீழ்பவானி ஆயக்கட்டில் மட்டும் 20,70,000 ரூபாய் ஆகிறது. ஒரு டீக் காசு. மலை முழுவதையும் சீர்செய்ய அது பத்தாது. ஆனால் பணம் போட்டவனுக்குக் கணக்குக் கேட்கிற உரிமை வரும். "எந்தப் பள்ளத்தில் எத்தனை ஏக்கர் உண்ணி எடுத்தீர்கள், காட்டுங்கள்" என்று நெஞ்சை நிமிர்த்திக் கேட்கலாம். இனாமாக வாங்கிப் பழகினால் கெஞ்சத்தான் முடியும்.

இந்தப் பணம் போய்ச் சேர வேண்டியது மலைவாழ் மக்கள் கைக்கு. காட்டைக் காத்தவர்களைக் காட்டை விட்டே துரத்தப் பார்த்த காலம் போதும். சோளகரும் ஊராளியும் இருளரும் குறும்பரும் கீழ்நாட்டு விவசாயிக்கு அன்னியர் அல்ல. அவர்கள் மேல்மடை, நாம் கீழ்மடை. மேல்மடைக்காரனோடு சமாதானமாக இல்லாமல் எந்தப் பாசனமும் நடந்ததில்லை.

நம் கோரிக்கைகள்

1. பவானி, மாயாறு நீர்ப்பிடிப்பு முழுவதையும் ஓடை ஓடையாக அளந்து, உண்ணி, மஞ்சள் கொன்றை, சீகை, கற்பூர மரம் நிற்கிற பரப்பை ஊராட்சிப் பலகையில் எழுதி வை!

2. அணையில் சேர்ந்துள்ள மண்ணை அளந்து, இன்றைய உண்மையான கொள்ளளவைப் பாசன சபைகளுக்கு அறிவி!

3. அன்னியச் செடி, மரம் அகற்றும் வேலையைக் காண்ட்ராக்டருக்கு விடாதே! மலைக் கிராம சபைகளிடம் நியாயமான கூலியோடு கொடு!

4. இலையுதிர் காட்டில், உண்ணி எடுத்துப் புல் மீண்ட இடங்களில், சோளகர், ஊராளி முதியவர்கள் முன்னிலையில் டிசம்பர், ஜனவரியில் சிறு கட்டங்களாகக் குளிர்தீ வைத்துச் சோதித்துப் பார்! ஓடைக்கரையையும் சோலையையும் தொடாதே!

5. தீ மீறினால் பயிர், கால்நடை, வீட்டுக்கு முப்பது நாளில் நஷ்டஈடு என்று முன்கூட்டியே அரசாணை போடு!

6. மேல்மலைப் புல்வெளியில் புதிதாக மரம் நடுவதை நிறுத்து! சீகையைப் படிப்படியாகக் குறைத்துப் புல்லை மீட்டெடு!

7. பாசன விவசாயிகள், மலைவாழ் மக்கள், வனத்துறை, பொதுப்பணி, குடிநீர் நிர்வாகம் எல்லாரும் உட்காரும் நீர்ப்பிடிப்புக் குழுவை அமை! பேட்டா வாங்குகிற குழு வேண்டாம், கணக்குக் காட்டுகிற குழு வேண்டும்!

இப்போது செய்ய வேண்டியது

தீ வைப்பதானாலும் திட்டம் போடுவதானாலும் மழைக்காலத்துக்கு முன்பே முடிவாக வேண்டும். தை பிறந்த பிறகு மனு கொடுத்தால் சித்திரையில்தான் பதில் வரும். ஆகவே அக்டோபர் 2, நவம்பர் 1 கிராம சபைக் கூட்டங்களில் ஆயக்கட்டில் உள்ள ஒவ்வொரு ஊராட்சியிலும் மேற்கண்ட கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றுங்கள். தலைவர் எழுதிக்கொள்ள மறுத்தால், எழுதும் வரை எழுந்து வராதீர்கள். தீர்மான நகலோடு மாவட்ட ஆட்சியரின் விவசாயிகள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது வாருங்கள். மலைக் கிராமத்து மக்களையும் நம்மோடு அழைத்துப் போவோம். பதில் வராவிட்டால் அடுத்த கட்டப் போராட்டத்தைச் சங்கம் கூடி அறிவிக்கும்.

கான்கிரீட் வேண்டும் என்பவரும் வாருங்கள், வேண்டாம் என்பவரும் வாருங்கள். ஒற்றைப்படைக்காரரும் இரட்டைப்படைக்காரரும் வாருங்கள். வாய்க்கால் விஷயத்தில் நமக்குள் ஆயிரம் இருக்கலாம். மலை எரிந்து அணை மண்மேடாகிப் போனால் எந்த மதகிலும் தண்ணீர் வராது.

மலைக் காட்டைச் சீர்செய்! அணையைக் காப்பாற்று!
காண்ட்ராக்ட் கொள்ளைக்கு இடம் தராதே! கிராம சபைக்கு அதிகாரம் கொடு!
மேல்மடையும் கீழ்மடையும் ஒன்று சேர்வோம்! உரிமையை வென்றெடுப்போம்!

சங்கத்துக்காக,
செயலாளர்